'மேடம் போவாரி'யில் குருடரும் பினேயும் எதற்கு?

பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் எழுதி 1857-இல் நூலாக வந்த இந்த நாவலில், மணவாழ்க்கை கசந்துபோன எம்மாவின் கதைக்குள் இந்தச் சின்னப் பாத்திரங்கள் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாசக நண்பர்கள் குருடரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். பினேயைக் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு அது பெரிய வருத்தம். வரி வசூலிக்கும் பினே, சாப்பாட்டு மேசையில் கைத்துண்டு செருகிவைக்கும் வளையங்களை யாருக்கும் பயன்படாமல் ஓயாமல் கடைசல் பிடித்துக்கொண்டிருப்பவர். காதலன் ரொதோல்ஃப் கைவிட்டு எழுதிய கடிதத்தோடு எம்மா மாடி ஜன்னலில் நின்று குதித்துவிடலாமா என்று தவிக்கும்போது, கீழிருந்து வருவது அந்தக் கடைசல் சத்தம்தான். அவளைக் கூப்பிடும் கோபக்குரல் போல அது ஒலிக்கிறது. அவளை மூச்சுமுட்ட வைத்த ஊர் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரே சத்தத்தில் இருக்கிறது.

குருடர், அவள் இன்னொரு காதலன் லியோனைப் பார்த்துவிட்டு ரூவான் நகரிலிருந்து திரும்பும் வழியில் வண்டியைத் தொற்றிக்கொண்டு காதல் பாட்டுப் பாடுபவர். கையில் மிஞ்சிய கடைசி ஐந்து ஃப்ராங்கையும் அவருக்கே வீசுகிறாள். சாகும்போது அவள் காதில் விழுவதும் அதே பாட்டு. ஆசையும் அழிவும் ஒரே குரலில் வருகின்றன.

அப்புறம், எம்மாவுக்குக் கடன் கொடுக்கும் துணி வியாபாரியை இந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். அவர் குறியீடு இல்லை, கதையை நடத்துபவர்.