ரத்த ரிப்போர்ட்டும் உங்கள் கேள்விகளும்

ரத்தநோய்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்க்கும் டாக்டர் நான். தாராளமாகக் கேளுங்கள். ஒரே வேண்டுகோள்: ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் எழுதாமல், சி.பி.சி (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) ரிப்போர்ட்டை முழுதாக எழுதுங்கள்.

கேள்வி (திருப்பூர், 26 வயது, ஒன்பது வாரக் கர்ப்பம்): பள்ளிக்கூட நாளிலிருந்தே ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன் மேடம். ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. இப்போது 10.9. ஆர்.பி.சி (சிவப்பணு எண்ணிக்கை) 56 லட்சம், எம்.சி.வி (சிவப்பணுவின் சராசரி அளவு) 63.

பதில்: உங்கள் ரிப்போர்ட்டில் என் கண் முதலில் போனது 10.9இல் இல்லையம்மா, 56 லட்சத்தில். உடம்பில் இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுத்துப்போகும், எண்ணிக்கையும் குறையும். உங்களுக்கு அணு சிறுத்திருக்கிறது, எண்ணிக்கை மட்டும் சராசரியைத் தாண்டி நிற்கிறது. பீட்டா தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்தக்கோளாறு. அதன் பழுதான மரபணு ஒன்றை மட்டும் சுமக்கும் கேரியர்களின் ரிப்போர்ட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எம்.சி.வியை ஆர்.பி.சியால் வகுத்துப் பாருங்கள். 56 லட்சம் என்பது 5.6 மில்லியன், ஆக 11 சொச்சம் வரும். இது 1973இல் மென்ட்சர் என்ற டாக்டர் வெளியிட்ட கணக்கு. விடை 13க்குக் கீழே இருந்தால் தலசீமியா பக்கம் சந்தேகம், மேலே இருந்தால் இரும்புக் குறை பக்கம்.

கேரியராக இருப்பது நோய் இல்லை, ஆயுசுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் கணவரும் கேரியர் என்றால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் என்ற கடுமையான நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள்ளேயே ரத்தம் ஏற்ற ஆரம்பிக்க வேண்டியிருக்கும், அப்புறம் சில வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுக்க. அதனால் இந்த வாரமே இரண்டு பேரும் ஒன்றாகப் போங்கள். உங்களுக்கு எச்.பி.எல்.சியும் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் சோதனை) ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் சோதனை), அவருக்கு சி.பி.சியும் எச்.பி.எல்.சியும். உங்கள் ரிசல்ட் வரட்டும் என்று அவருடையதைத் தள்ளிப்போடாதீர்கள். இருவரும் கேரியர் என்றால், 11 வாரம் முடிந்தபின் நஞ்சுக்கொடித் திசுவில் கொஞ்சம் எடுத்துக் கருவைப் பரிசோதிக்கலாம். உங்களுக்கு நாள் இருக்கிறது, நிறைய இல்லை. மகப்பேறு டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள்.

கேள்வி (கரூர்): ஹீமோகுளோபின் 9.8. பீட்ரூட், மாதுளை சாப்பிட்டால் ஏறுமா?

பதில்: பீட்ரூட்டின் சிவப்பு வெறும் நிறம். ஏன் 9.8 என்று முதலில் பாருங்கள். முழு ரிப்போர்ட் எங்கே?

கேள்வி (கூடலூர், ஆசிரியர்): எங்கள் பழங்குடிப் பிள்ளைகளுக்கு முகாமில் சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) சோதனை செய்தார்கள். 'பாசிட்டிவ்' என்று மட்டும் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். நோயா, கேரியரா?

பதில்: கேட்டது ரொம்ப நல்லதாயிற்று. இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலாகப் பதிவானதே உங்கள் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான், 1952இல். லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை எழுதினார்கள். முகாமில் செய்வது பெரும்பாலும் கரைதிறன் சோதனை. ரத்தத்தில் சிக்கிள் ஹீமோகுளோபின் இருந்தால் கரைசல் கலங்கிவிடும். கேரியர் ரத்தமும் கலங்கும், நோயாளி ரத்தமும் கலங்கும். அந்தச் சீட்டை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. பாசிட்டிவ் வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் எச்.பி.எல்.சி செய்தாக வேண்டும். 2023இல் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் திட்டம் இதற்காகத்தான் இருக்கிறது, அரசு மருத்துவமனையில் கேளுங்கள். யாருக்காவது ரத்தம் ஏற்றியிருந்தால் மூன்று மாதம் கழித்துச் சோதியுங்கள். ஏற்றிய ரத்தம் கலந்திருக்கும்போது எடுக்கும் எச்.பி.எல்.சி ஏமாற்றிவிடும்.

கேள்வி (சேலம், லேப் டெக்னீஷியன்): திருப்பூர் சகோதரிக்கு மென்ட்சர் கணக்கெல்லாம் எதற்கு டாக்டர்? எச்.பி.எல்.சியில் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் கேரியர், கீழே என்றால் நார்மல். மெஷினே சொல்லிவிடுமே.

பதில்: மெஷின் அளவைச் சொல்லும் தம்பி, காரணத்தைச் சொல்லாது. இரும்பு ரொம்பக் குறைந்திருந்தால் ஏ2வும் கீழே இறங்கிவிடும். 3.7 காட்ட வேண்டியவர் 3.2 காட்டுவார், நீங்கள் 'நார்மல்' என்று அச்சடித்துக் கொடுப்பீர்கள். பி12 குறைவில் இதே ஏ2 கொஞ்சம் ஏறும். அதனால்தான் ஃபெரிட்டினையும் கேட்டேன்.

கேள்வி (சேலம், மறுபடி): மென்ட்சர் கணக்கும் தப்புமே டாக்டர்? இரண்டும் சேர்ந்திருக்கிறவருக்கு என்ன காட்டும்?

பதில்: தப்பும், நீங்கள் சொல்வது சரி. தலசீமியா கேரியருக்கே இரும்பும் குறைந்திருந்தால் கணக்கு குழம்பிவிடும். அது யாரை மேலே அனுப்புவது என்று காட்டும் கைகாட்டி மட்டுமே. அதை வைத்து முடிவு எழுதக் கூடாது.

கேள்வி (மதுரைப் பக்கம், கிராமச் செவிலியர்): நீங்கள் இரண்டு பேரும் மெஷின் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு பேசுகிறீர்கள். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எச்.பி.எல்.சிக்கு எங்கே போவது?

பதில்: நியாயமான கேள்வி சிஸ்டர். உங்களுக்கு நெஸ்ட்ராஃப்ட் என்ற எளிய குழாய்ச் சோதனை போதும். 0.36 சதவீத பஃபர் உப்புக் கரைசல் ஒரு குழாயில், அதில் ஒரு சொட்டு ரத்தம். அரை மணி நேரம் கழித்து, கறுப்புக் கோடு போட்ட வெள்ளைத் தாளைக் குழாய்க்குப் பின்னால் பிடியுங்கள். சாதாரண அணு அந்தக் கரைசலில் உடைந்துவிடும், நீர் தெளிந்து கோடு பளிச்சென்று தெரியும். தலசீமியா கேரியரின் அணு உடையாது, கலங்கலில் கோடு மறையும். இரும்புக் குறையிலும் கோடு மறையலாம், அதனால் மறைந்தவர்களை மட்டும் மேலே அனுப்புங்கள். நூறு பேரையும் அனுப்ப வேண்டியதில்லை. சேலம் தம்பி, உங்கள் லேபில் இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

கேள்வி (சேலம்): படிக்கும்போது செய்தது டாக்டர். கரைசலை அவ்வப்போது புதிதாகத் தயாரிக்காவிட்டால் தப்பாகக் காட்டும், அதையும் சொல்லுங்கள்.

பதில்: சொல்லிவிட்டீர்கள், நன்றி. தெரிந்த சாதாரண ரத்தம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் செய்தால் கரைசல் கெட்டிருப்பது உடனே தெரிந்துவிடும்.

கேள்வி (நாகர்கோவில்): ஹீமோகுளோபின் 9. பேரீச்சம்பழம் எத்தனை சாப்பிட வேண்டும்?

பதில்: கரூருக்குச் சொன்னதேதான். முழு ரிப்போர்ட்.

கேள்வி (சென்னை): பிளேட்லெட் 38,000 என்று போன் செய்து உடனே அட்மிட் ஆகச் சொன்னார்கள். எனக்குக் காய்ச்சலே இல்லை, ஒரு சொட்டு ரத்தக்கசிவும் இல்லை.

பதில்: ரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடிக் குழாயில் போட்டிருக்கும் ஈ.டி.டி.ஏ என்ற ரசாயனம் சிலருடைய பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். மெஷின் அந்தக் கட்டிகளைப் பிளேட்லெட்டாக எண்ணாது. ஸ்லைடின் ஓரத்தில் பார்த்தால் திராட்சைக் கொத்து மாதிரி கும்பலாக நிற்கும். ஸ்மியர் (ஸ்லைடில் தடவிய ரத்தம்) பார்க்கச் சொல்லுங்கள், ஈ.டி.டி.ஏ இல்லாத நீல மூடிக் குழாயில் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். இன்றே செய்யுங்கள், எண்ணிக்கை நிஜமாகவே குறைவு என்றால் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

கேள்வி (கோவை, ஆறு வயது மகனின் அப்பா): பையனுக்கு ஆட்டிசம். தயிர்சாதமும் சிப்ஸும்தான் சாப்பிடுவான், சுவரைச் சுரண்டித் தின்கிறான். ஹீமோகுளோபின் 9.4. ஊசி என்றால் கத்திவிடுவான். போன லேபில் 'சொன்னால் புரியாத பிள்ளை' என்று நான்கு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். ரத்தத்தை வைத்தே ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்கலாமாமே, உண்மையா?

பதில்: இல்லை சார். பிள்ளையின் நடத்தையையும் வளர்ந்த விதத்தையும் பார்த்துத்தான் ஆட்டிசத்தைச் சொல்ல முடியும். மரபணுச் சோதனை காரணத்தைத் தேட மட்டும் உதவும். அதற்கு மேல் குழந்தை வளர்ச்சி நிபுணரைத்தான் கேட்க வேண்டும்.

சுவர் விஷயம் என் துறை. இரும்பு குறைந்த பிள்ளைகள் மண், பலப்பம், சாம்பல் எல்லாம் தின்பார்கள். சுவரில் பழைய பெயின்ட் இருந்தால் ஈயமும் உள்ளே போகும். சி.பி.சி, ஃபெரிட்டின், ஈயம் மூன்றையும் ஒரே குத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

'சொன்னால் புரியாத பிள்ளை' என்றார்களே, அதை நான் ஏற்க மாட்டேன். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனம் பிடிபடாது என்றுதான் ரொம்ப காலம் எழுதினார்கள். தானும் ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் அதைத் திருப்பிக் கேட்டார்: மற்றவர்களுக்கு மட்டும் எங்கள் மனம் பிடிபடுகிறதா? 2020இல் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் எட்டெட்டுப் பேரை வரிசையாக வைத்து, ஒருவர் காதில் சொன்ன கதையை அடுத்தவருக்குச் சொல்ல வைத்தார்கள். எட்டுப் பேருக்கும் ஆட்டிசம் இருந்த வரிசையில், ஆட்டிசம் இல்லாதவர்கள் வரிசையைப் போலவே கதை நன்றாகப் போய்ச் சேர்ந்தது. கலந்து நின்ற வரிசையில்தான் நிறையத் தொலைந்தது.

எங்கள் கூடத்தில் ஒரு சிறுமி ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் டெக்னீஷியன் ரப்பர் பட்டையை அவள் கையில் கொடுத்து, 'இதைக் கட்டுவேன், பத்து எண்ணுவேன், ஒரு குத்து, அப்புறம் பஞ்சு' என்றார். முகத்தைத் திருப்பாமலே கையை நீட்டினாள். எட்டு எண்ணும்போது முடிந்தது. பத்து வரை எண்ணாமல் விட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். உங்கள் மகனுக்கும் முந்தின நாளே வரிசையைப் படமாக வரைந்து காட்டுங்கள். மரத்துப்போக வைக்கும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே, டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். கூட்டமில்லாத நேரத்துக்குப் போங்கள்.

கேள்வி (திருப்பூர்): ரிப்போர்ட் வந்துவிட்டது மேடம். எனக்கு ஏ2 5.1, ஃபெரிட்டின் 9. கணவருக்கு எம்.சி.வி 88, ஏ2 2.6.

பதில்: நீங்கள் கேரியர்தான். அவர் ரிப்போர்ட்டில் தலசீமியாவுக்கான அடையாளம் எதுவும் இல்லை, அதனால் கரு பரிசோதனை தேவைப்படாது என்றே நினைக்கிறேன். உங்கள் டாக்டரிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்துக் காட்டுங்கள். ஃபெரிட்டின் 9 என்பதால் இரும்பும் உண்மையாகவே குறைவு, மாத்திரையைத் தொடருங்கள், காபியோடு மட்டும் வேண்டாம். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சி.பி.சி எடுக்கச் சொல்லுங்கள்.