51 வருடம் புழுவாக

கேள்வி: வான்கூவரில் இருக்கிறோம். வீடு கட்டி 9 வருடமாகிறது. போன வாரம் ஜன்னல் சட்டத்தில் புதிதாக ஓர் ஓட்டை. கீழே ஒரு வண்டு, உடம்பெல்லாம் மின்னும் பச்சை, ஓரத்தில் செம்பு நிறம். பார்த்தவர்கள் மருந்து அடிக்கச் சொல்கிறார்கள். வீடு முழுக்கப் பரவிவிடுமா?

பதில்: பரவாது. மருந்தும் வேண்டாம், தயவுசெய்து அந்த வண்டைக் கொல்லவும் வேண்டாம். நீங்கள் சொல்லும் நிறத்தைப் பார்த்தால், அது வட அமெரிக்காவின் மேற்குக் காடுகளில் வாழும் பொன்வண்டு. புப்ரெஸ்டிஸ் ஆருலென்டா என்று பெயர். வெளியிலிருந்து பறந்து வந்து உங்கள் ஜன்னலைத் துளைத்ததல்ல. மரத்தோடு மரமாக வீட்டுக்குள் வந்தது.

டக்ளஸ் ஃபர், பைன் போன்ற மரங்களில் பட்டை பெயர்ந்த இடம், தீப்பட்ட தழும்பு, இங்கேதான் தாய் வண்டு முட்டையிடும். புழு உள்ளே குடைந்துகொண்டே போகும். காட்டிலேயே இருந்தால் சில வருடங்களில் வண்டாகிவிடும். மரத்தை அறுத்துச் சட்டமாக்கிவிட்டால் ஈரம் வற்றிவிடும், சத்தும் போதாது. அப்போதும் புழு சாவதில்லை, வளர்ச்சிதான் மெதுவாகிறது. 1983-ல் இங்கிலாந்தில் ஒரு வீட்டு மாடிப்படி மரத்திலிருந்து இந்த வண்டு ஒன்று வெளிவந்தது. 51 வருடம் புழுவாகவே இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அந்தப் படியில் எத்தனை பேர் ஏறி இறங்கியிருப்பார்கள்!

ஒருமுறை விறகு பிளந்தபோது இந்தக் குடும்பத்துப் புழு ஒன்றைப் பார்த்தேன். பால் வெள்ளை, கால் கிடையாது. தலையை ஒட்டிய பகுதி மட்டும் தட்டையாக விரிந்து, பின்னுடல் நாடா மாதிரி ஒடுங்கியிருந்தது. லாட ஆணி என்றே நினைத்தேன். அது வந்த வழியெல்லாம் மரத்தூளும் எச்சமும் இறுகிக் கிடந்தன. நகத்தால் சுரண்டினால்தான் பெயர்ந்தது. கோடாரியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டு ஓட்டை நீள்வட்டமாக இருக்கிறதா, பாருங்கள். பொன்வண்டு வெளியேறும் வழி அப்படித்தான் இருக்கும். நன்றாக உலர்ந்த வீட்டு மரத்தில் இது மறுபடி முட்டை வைக்காது. அதே மரத்தில் ஏற்கெனவே தங்கியிருக்கும் இன்னொரு புழு பிறகு வெளிவரலாம், அவ்வளவுதான். ஓட்டையை மரப் புட்டி வைத்து அடைத்துவிடுங்கள்.

வண்டு இன்னும் உயிரோடிருந்தால், பக்கத்தில் ஏதாவது டக்ளஸ் ஃபர் மரத்தில் விட்டுவிடுங்கள். அதன் ஊசியிலைகளைத்தான் அது தின்னும்.