மதர்போர்டு மாற்றினால் 48 இலக்கச் சாவி கேட்கிறதே?

கேள்வி: லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை என்று சர்வீஸ் சென்டரில் கொடுத்தோம். மதர்போர்டை மாற்றி 14,500 ரூபாய் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் நீலத் திரை. ‘பிட்லாக்கர் ரெக்கவரி கீ’ என்று 48 இலக்க எண் கேட்கிறது. நாங்கள் எந்தப் பூட்டும் போடவில்லை. மகளின் சின்ன வயதுப் படங்கள் எல்லாம் அதில்தான். ‘டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்கிறார்கள் சென்டரில். வேறொரு கடையில் 12,000 கொடுத்தால் உடைத்துத் தருவார்களாம். கொடுக்கலாமா? – வாசகி, திருச்சி

பதில்: கொடுக்காதீர்கள். அந்த எண்ணை ஊகித்துக் கண்டுபிடிக்கும் இயந்திரம் எந்தக் கடையிலும் கிடையாது. அதிகபட்சம் உங்களிடமே மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் வாங்கி, நீங்களே பார்த்துக்கொள்ளக்கூடிய எண்ணை எடுத்துத் தருவார்கள். அதற்கு எதற்கு 12,000?

நீங்கள் பூட்டவில்லை, சரி. பூட்டியது விண்டோஸ். மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்ததும், இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸ் ஹோம் பதிப்பிலும்கூட, டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டுதான் பிட்லாக்கர். தினமும் அதைத் திறந்துவிடுவது டிபிஎம் என்ற, மதர்போர்டோடு சேர்ந்த பாதுகாப்புப் பகுதி. அது பழைய போர்டோடு போய்விட்டது. புதிய போர்டை டிஸ்க்குக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். படங்கள் அப்படியே இருக்கின்றன.

பூட்டும்போதே விண்டோஸ் அந்த 48 இலக்க எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கில் போட்டு வைக்கும். போனிலேயே அந்தக் கணக்கில் நுழைந்து, ‘டிவைசஸ்’ பகுதியில் ரெக்கவரி கீ இருக்கிறதா பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், நீலத் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிடுங்கள். எண்ணை ஆறு ஆறாக எட்டுத் தொகுதியாக அடிக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும் என்பதால், ஓர் இலக்கம் தப்பினாலும் அந்த இடத்திலேயே பிடித்துவிடும். பயப்படாமல் அடியுங்கள்.

உங்கள் கணக்கில் இல்லையா? அந்த லேப்டாப்பை முதல் நாள் ஆன் செய்து கொடுத்தது யார் என்று யோசியுங்கள். நம் ஊரில் பாதிப் பேருக்குக் கடைப் பையனே தன் மெயில் ஐடியைப் போட்டு ‘ரெடி’ செய்து கொடுத்துவிடுவான். அப்படியானால் சாவி அவன் கணக்கில் இருக்கும். கணவரின் பழைய மெயில், மகளின் கணக்கு, எதையும் விடாதீர்கள். கல்லூரி அல்லது ஆபீஸ் ஐடி போட்டிருந்தால் அங்குள்ள ஐ.டி. பிரிவு எடுத்துத் தர முடியும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல், எந்தக் கணக்கில் சாவி இருக்கிறது என்று நீலத் திரையே குறிப்புக் காட்டும்.

இன்னொரு வழி, பழைய போர்டு. இன்றே சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கேளுங்கள். கழிவில் போய்விட்டால் திரும்பாது. சார்ஜிங் பகுதி மட்டும்தான் பழுது என்றால், போர்டை மாற்றாமல் அதிலுள்ள பழுதான சிப்பை மட்டும் பார்க்கும் ‘சிப் லெவல்’ வேலைக்காரர் சரிசெய்து, அதே டிஸ்க்கை மாட்டினால் எண் கேட்காமலே திறக்க வாய்ப்பு உண்டு.

புகார் கொடுக்கலாமா என்றால், முதலில் லேப்டாப்பைக் கொடுத்தபோது சென்டரில் தந்த ஜாப் ஷீட்டைப் பாருங்கள். ‘பேக்கப் வாடிக்கையாளர் பொறுப்பு’ என்ற வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்து இருந்தால், படங்களுக்கு நஷ்டஈடு கிடைப்பது கஷ்டம். ஆனால் போர்டை மாற்றுமுன் ‘சாவி இருக்கிறதா’ என்று ஒரு வார்த்தை கேட்காதது சேவைக் குறைபாடு என்று வாதாடலாம். என் கட்சி அதுதான். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து பதிவு செய்யுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

எந்தச் சாவியும் கிடைக்கவில்லை என்றாலும் ‘ஃபார்மட் பண்ணிடலாம் மேடம்’ என்பவரிடம் தலையாட்டாதீர்கள். படங்கள் இருக்கும் அந்த டிஸ்க்கை (எஸ்எஸ்டி) கழற்றி, தேதி எழுதிய கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். லேப்டாப்புக்கு வேறு ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். மறந்துபோன மெயில் ஐடி ஆறு மாதம் கழித்துகூட ஞாபகம் வரும்.