50,000 கொடுத்தால் வீட்டுப் பட்டியலில் பேர் ஏறுமா?

கேள்வி: மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறேன். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) ஒரே காம்பராவில் ஆறு பேர் இருக்கிறோம். இந்திய வீட்டுத் திட்டத்தில் பேர் போட்டுத் தருவதாக ஒருவர் 50,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பாதியைக்கூடக் கொடுக்காதீர்கள்.

2017-இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி அறிவித்த 10,000 வீடுகளைத்தான் அவர் சொல்கிறார். ஒரு வீட்டுக்கு இந்தியா 28 இலட்சம் ரூபாய் தருகிறது. அடிப்படை வசதிகளுக்கு நம் இலங்கை அரசாங்கம் 4 இலட்சம் போடுகிறது. இது கடன் இல்லை, நன்கொடை. காணி அளக்கும் செலவு, மண்சரிவு அறிக்கைச் செலவு என்று தரகர் எந்தப் பேரில் கேட்டாலும் அது அவருடைய பைக்குத்தான். போன வருடம் ஒருவர் என்னிடம் ரசீது கொண்டுவந்தார். அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாள். 'காசு கிடைத்தது' என்று எழுதி ஒரு கிறுக்கல். யார் வாங்கியது, எதற்கு வாங்கியது, ஒன்றும் இல்லை. அதை வைத்துக்கொண்டு எந்தப் பொலிஸுக்குப் போவது?

சரி, ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகப் பாருங்கள். முன்பு தோட்டங்களில் கடன் வீடுகள் கொடுத்தார்கள், சேமலாப நிதியை (ஓய்வுக்காகச் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பணத்தை) பிணையாக வைத்து. மாதாமாதம் சம்பளத் துண்டில் கழிபடும். உங்கள் பேரிலோ கணவர் பேரிலோ அப்படி ஒன்று இருந்ததா? வீடு பாதியில் நின்றிருக்கலாம், மாமனார் எடுத்து மகன் கட்டி முடித்திருக்கலாம், கடன் எப்போதோ தீர்ந்திருக்கலாம். பதிவேட்டில் பேர் கிடந்தால் 'ஏற்கெனவே வீடு வாங்கியவர்' என்று ஒதுக்கப் பார்ப்பார்கள். தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டு, கடன் தீர்ந்ததற்கு ஒரு கடிதம் இப்போதே வாங்கி வையுங்கள். கட்டி முடியாத வீடென்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், தோட்டத்துரைக்கும் (தோட்ட முகாமையாளருக்கும்) பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கையிலிருக்கும் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். 'பட்டியல் மேலே போயிருக்கு' என்பார்கள். அந்த 'மேலே' எங்கே இருக்கிறது என்று முப்பது வருடமாக எனக்கும் தெரியவில்லை. அமைச்சின் பெயர்ப்பலகை மாறுகிற வேகத்தில் வீடு எழும்பியிருந்தால் லயமே மிஞ்சியிருக்காது. காணி அரசாங்கத்தினுடையது, 1992 முதல் கம்பனிகள் கையில். வீட்டுக்கான துண்டுக் காணியை விடுவிக்கக் கடிதம் ஒவ்வொரு மேசையிலும் தூங்கி எழும்ப வேண்டும். 2016-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பட்டியலில் உங்கள் பேர் இருக்கிறதா என்று தமிழிலேயே கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்லியாக வேண்டும்.

வீடு கிடைக்கும் நாளில் இன்னொரு வலை இருக்கிறது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் 2,000 பேருக்கு வீட்டுரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் வீட்டுரிமைப் பத்திரம் வேறு, காணியே உங்களுக்குச் சொந்தம் என்று காட்டும் உறுதி வேறு. கையில் தரும் தாளில் நில அளவை வரைபட இலக்கம், துண்டு இலக்கம், எத்தனை பேர்ச் பரப்பு, நான்கு எல்லை, காணிப் பதிவகத்தில் பதிந்த இலக்கம் எல்லாம் இருக்கிறதா என்று படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் உறுதி எப்போது என்று அந்த மேடையிலேயே கேளுங்கள்.

அந்த ஆள் மறுபடி வந்தால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தேத்தண்ணீர் ஆறும் முன்பே எழும்பிப் போய்விடுவார்.