பட்டனை மறைத்தும் திறந்துவிட்டானே!

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் செய்த டேட்டாபேஸை ஆறு பேர் பயன்படுத்துகிறோம். சம்பள ஃபார்ம் அக்கவுண்ட்ஸ்காரர்களுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு மெனுவில் அந்தப் பட்டனை மறைத்துவிட்டேன். ஆனாலும் குடோன் பையன் திறந்து பார்த்திருக்கிறான். எப்படி சார்?
- வாசகர், திருப்பூர்

பதில்: ஷிஃப்ட் கீதான். அதை அழுத்திக்கொண்டே ஃபைலைத் திறந்தால் உங்கள் மெனு வராது. இடது பக்கம் எல்லா டேபிளும் ஃபார்மும் வரிசையாக வந்து நிற்கும். பையன் கெட்டிக்காரன்.

ஆக்சஸின் பழைய ஃபைல் வடிவமான எம்டிபியில் யூசர், குரூப் வாரியான அனுமதி ஆக்சஸிலேயே இருந்தது. 2007-இல் வந்த ஏசிசிடிபி வடிவத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

யார் எந்தக் குரூப் என்று ஒரு டேபிள், எந்தக் குரூப் எந்த ஃபார்மைத் திறக்கலாம் என்று இன்னொன்று. ஒவ்வொரு ஃபார்மின் ஓபன் ஈவென்ட்டிலும் (ஃபார்ம் திறக்கும்போது தானாக ஓடும் கோடு) அந்த டேபிள்களைப் பார்த்து, அனுமதி இல்லையென்றால் கேன்சலை ட்ரூ ஆக்குங்கள். லோட் ஈவென்ட்டில் எழுதாதீர்கள், அங்கே கேன்சல் கிடையாது. அப்புறம், ஃபார்ம் திறக்காமல் ரத்தானதால், திறக்கச் சொன்ன பட்டனில் 2501 என்று ஒரு எரர் வரும். பயப்பட வேண்டாம், அந்த எண்ணை மட்டும் கண்டுகொள்ளாமல் விடும்படி எழுதினால் போதும்.

ஆட்களின் பெயரைக் கோடில் எழுதாதீர்கள். நான் ஒரு இடத்தில் அப்படி எழுதி வைத்தேன். கேஷியர் வேலையை விட்டுப் போனார், புது ஆளுக்கு ஃபார்ம் திறக்கவில்லை. சம்பள நாளன்று பஸ் பிடித்துப் போய் ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டு வந்தேன்.

சரி, இவ்வளவும் செய்தாலும் ஃபார்முக்குத்தான் காவல். டேபிள் திறந்தேதான் கிடக்கிறது. பையன் ஒரு புது ஆக்சஸ் ஃபைலிலிருந்து அதை லிங்க் செய்துகொண்டால் உங்கள் ஓபன் ஈவென்ட் என்ன செய்யும்? ஆகவே சம்பள டேபிளை மட்டும் தனி ஃபைலாக்கி, சர்வரில் தனி ஃபோல்டரில் வையுங்கள். அந்த ஃபோல்டருக்கு விண்டோஸிலேயே அக்கவுண்ட்ஸ் குரூப்புக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். படிக்கும் அனுமதி மட்டும் போதாது, மாடிஃபை (ஃபைலை உருவாக்க, மாற்ற, அழிக்க அனுமதி) வேண்டும். யார் திறந்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள ஆக்சஸ் அங்கே லாக் ஃபைல் ஒன்றை உருவாக்கும், அதற்கு இடம் கொடுக்காவிட்டால் ஒருவர் திறந்திருக்கும்போது அடுத்தவர் திண்டாடுவார்.