கொலஸ்ட்ரால் சரியாக இருந்தும் சி.ஆர்.பி. 4 என்றால் மாரடைப்பு வருமா?

பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். சி.ஆர்.பி. என்பது இரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம்; உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் இதைச் சுரக்கும். இரத்தக் குழாயிலும் அழற்சி வரலாம்: சுவருக்குள் கொழுப்பு புகுந்து, அதை விழுங்க வந்த வெள்ளணுக்கள் அங்கேயே ஊதிச் செத்து, மேலே மூடியிருக்கும் மெல்லிய படலம் ஒருநாள் கிழிந்தால் அந்த இடத்தில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும், பெரும்பாலான மாரடைப்புகள் இப்படித்தான் வருகின்றன. சி.ஆர்.பி. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நல்லது, 3க்கு மேல் ஆபத்து கூடுதல். 10ஐத் தாண்டினால் பெரும்பாலும் காய்ச்சல் மாதிரி வேறு ஏதோ காரணம். சரி, இரண்டு வாரம் கழித்து இந்தச் சோதனையை மறுபடி எடுங்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்து 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.லைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்தபோதே மறு மாரடைப்பு குறைந்தது. எனக்கு இதுதான் வலுவான சான்று. அப்புறம், புகையும் தொப்பையும் சி.ஆர்.பி.யை ஏற்றும், மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.