பதில்: நர்ஸம்மாவுக்குக் கிராம சபையில் பாராட்டுத் தீர்மானம்

அண்ணாச்சி, 31 வருஷம் அம்பை (அம்பாசமுத்திரம்) பக்கம் உங்க ஊரில் வேலை பார்த்து ஓய்வு பெறும் கிராம சுகாதார செவிலியருக்குத் தீர்மானம் போடணும், ஊராட்சிச் செயலர் "அஜெண்டாவில் இல்லை" என்கிறார்னு கேட்டிருந்தீங்க. அஜெண்டா மேலிருந்து வருவது உண்மைதான். ஆனா கடைசியில் "இதர பொருள்கள்" இருக்கும், அதில் சேர்க்கச் சொல்லுங்க. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே ஊராட்சித் தலைவருக்கு மனு கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்கிடுங்க. கிராம சபை கூடும் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1-ல் எது தோதோ அதைப் பிடிங்க.

சறுக்குவது வாசகத்தில்தான். "தன்னலமற்ற தியாகச் செம்மல்" என்பது போஸ்டருக்கு ஆகும், தீர்மானத்துக்கு ஆகாது. முழுப்பெயர், பதவி, துணை சுகாதார நிலையம், எந்த வருஷத்திலிருந்து எது வரை, இரண்டே இரண்டு குறிப்பான வேலை (வெள்ளத்தப்போ வீடு வீடா மருந்து கொடுத்தது மாதிரி), முடிவில் "இச்சபை நன்றியுடன் பதிவு செய்கிறது". அவ்வளவு போதும். "விருது வழங்கக் கோருகிறது"னு இதிலேயே நுழைக்காதீங்க. அது கோரிக்கை, தனித் தீர்மானமா இருக்கட்டும்.

முன்மொழிபவர், வழிமொழிபவர் பெயர் பதிவேட்டில் ஏறணும். வருகைக் கையெழுத்தும் முக்கியம்: மக்கள்தொகை 501-லிருந்து 3,000 வரைன்னா குறைந்தது 100 பேர், 10,000 வரை 200 பேர்.

சால்வை, கேடயத்தை ஊரில் வசூலிச்சு வாங்குங்க. ஊராட்சி நிதியில் கை வச்சா தணிக்கையில் கேள்வி வரும். தீர்மான எண்ணோடு நகல் கேளுங்க. இழுத்தடிச்சா 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்க.